சொல்லாமல் நிற்கும் எந்திரம்

விண்டோஸ் தன் நாட்குறிப்பில் எழுதும் வரிகளிலேயே பயனில்லாத வரி எது என்று கேட்டால், எண் 41 என்பேன். 'கெர்னல் பவர் 41' என்று அதற்குப் பெயர். கணினி திடீரென்று அணைந்து மறுபடி எழுந்தால், எழுந்த பிறகு அது கொடுக்கும் வாக்குமூலம் இது. முறையாக மூடாமலே கணினி மறுபடி தொடங்கியிருக்கிறது, செயலிழந்திருக்கலாம், மின்சாரம் போயிருக்கலாம் என்பதுதான் அதன் சாரம். மயங்கி விழுந்து எழுந்தவரிடம் "என்ன ஆச்சு?" என்று கேட்டால் "விழுந்துட்டேன் போல" என்பாரே, அப்படி. பொய் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

காரணம் எளிது. எழுதுவதற்கும் மின்சாரம் வேண்டும். நீலத்திரை காட்டி நிற்கிற கணினிக்குக் கடைசி மூச்சு என்று ஒன்று மிச்சமிருக்கும். தன்னை வீழ்த்தியது எது என்று ஒரு குறியீட்டையும், அந்த நேரத்து நினைவகத்தின் நகலையும் வட்டில் எழுதிவிட்டுத்தான் சாகும். அதை வைத்துப் பிரேதப் பரிசோதனை செய்யலாம். 41-ல் அந்தக் குறியீடு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் 0 இருந்தால், பெரும்பாலும் எழுத நேரமே கிடைக்கவில்லை என்று அர்த்தம். திரை கறுக்கும், விசிறிகள் ஒரு நொடி தயங்கும், பிறகு மதர்போர்டு கம்பெனியின் சின்னம் ஒன்றுமே நடக்காதது போல வந்து நிற்கும்.

2025 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, பாளையம்பட்டியில் என் வீட்டு மாடிப்படிக்குப் பக்கத்து அறையில், நான் அந்த 41-ஐ அறுபத்து மூன்று தடவை பார்த்தேன்.

*

பாளையம்பட்டி அருப்புக்கோட்டையை ஒட்டிய ஊர். கிழக்கே திருச்சுழி வரைக்கும் கரிசல். வானம் பார்த்த பூமி என்று பாடப்புத்தகத்தில் படித்ததை நாங்கள் ஜன்னல் வழியாகவே பார்த்து வளர்ந்தோம். விவசாயம் கை கொடுக்காத வருடங்களில் தறியும் நூற்பாலையும் கை கொடுத்தன. அதுவும் போதாதவர்கள் வெளியூர் போனார்கள். நானும் 2013-ல் இன்ஜினியரிங் முடித்த கையோடு பெங்களூருக்குப் பஸ் ஏறியவன்தான்.

பதினோரு வருடம் கழித்துத் திரும்பி வந்ததற்குக் காரணம் ஊர்ப்பாசம் இல்லை. அப்பா இறந்த பிறகு அம்மா தனியாக இருந்தாள். பெங்களூருக்கு வா என்று கூப்பிட்டால், "அங்க வந்து நான் யார் மூஞ்சியப் பாக்க? நீ காலைல கதவச் சாத்துனா ராத்திரிதான் திறப்ப" என்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2024 கடைசியில் வேலையை விட்டேன். தமிழ்ப் பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள் ஒன்றைப் பயிற்றுவிக்கிற வேலை, ஒரு சின்ன கம்பெனியிலிருந்து ஒப்பந்தமாக வந்தது. முதல் மூன்று மாதம் சோதனை. சரிப்பட்டால் தொடரும்.

அந்த வேலைக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி தேவை. மாதாமாதம் வாடகைக்கு எடுப்பதைவிட சொந்தமாகக் கட்டுவது மலிவு என்று கணக்குப் போட்டு, பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுத்து மதுரையில் பாகங்கள் வாங்கி வந்து நானே பூட்டினேன். பிராசசர், மதர்போர்டு, ரேம், கார்டு, 750 வாட் பவர் சப்ளை, கறுப்புக் கேபினெட். முதல் தடவை ஸ்விட்சைத் தட்டியதுமே ஓடியது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய பெட்டியா? பீரோ மாதிரி இருக்கே" என்றாள்.

மூன்றாம் நாள் முதல் 41 வந்தது. பயிற்சி ஓட்டம் ஒன்று பதினோரு மணி நேரம் ஓடி முடியும் தறுவாயில் இருந்தது. மணிக்கொரு தரம் நிலையைச் சேமித்து வைத்திருந்ததால் போனது முக்கால் மணி நேரம்தான். பிறகு வாரத்துக்கு ஐந்து, ஆறு. சில நாள் இரண்டு. ஒருமுறை கம்பெனிக்காரர்களுடன் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. மறுபடி உள்ளே போனதும் அந்தப் பக்கத்தில் ஒருவர் மிக மரியாதையாகக் கேட்டார்: "உங்க ஊர்ல இதெல்லாம் பண்ண முடியுமா? வேணும்னா பெங்களூர்லயே ஒரு இடம் பாத்துக்கலாமே." அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மறுதொடக்கமும் எனக்கு அந்தக் கேள்வியாகவே கேட்டது.

*

திடீரென்று அணைந்து எழும் புதுக் கணினிக்கு வழக்கமான சந்தேக நபர்கள் நான்கைந்து பேர். சூடு, ரேம், பவர் சப்ளை, பிராசசர், டிரைவர். ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தேன்.

சூடு இல்லை. வெயில் ஏறிய மார்ச் மதியத்திலும் பிராசசர் 78 டிகிரியைத் தாண்டவில்லை. ரேம் இல்லை. அதன் வேகத்தை மதர்போர்டு கூட்டித் தருகிற வசதியை அணைத்துவிட்டு, மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. டிரைவர் இல்லை. விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றியும், அடுத்த டிஸ்க்கில் லினக்ஸை ஏற்றியும் பார்த்தாயிற்று. லினக்ஸிலும் பதிவேடு ஒரு வரியின் நடுவில் அப்படியே நின்றுவிடும். அடுத்த வரி, புதிதாகத் தொடங்கும் கணினியின் முதல் வரி.

ஒரு விஷயம் மட்டும் திட்டவட்டமாகத் தெரிந்தது. சும்மா கிடக்கும்போது நிற்பதில்லை. கார்டு முழு மூச்சாக வேலை செய்யும்போதுதான் நிற்கிறது. எந்த மெக்கானிக்கும் இதைக் கேட்டதும் பவர் சப்ளையைத்தான் கைகாட்டுவார். கடைக்காரரும் அதையே சொன்னார். பெட்டியை அப்படியே காரில் வைத்து மதுரைக்குக் கொண்டுபோனேன். அவர் கடையில் இரண்டு நாள் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. "மிஷின்ல ஒண்ணும் இல்ல சார்" என்றார். இருந்தாலும் மனசு கேட்காமல் வேறொரு பவர் சப்ளையை மாட்டிக் கொடுத்தார். ஊருக்கு வந்த மறுநாள் மதியம் 41.

டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்தச் செய்தியை நான் வேறு மாதிரியும் படிக்க முடிந்தது. இந்தக் கணினி மதுரையில் ஓடுகிறது, பாளையம்பட்டியில் ஓடவில்லை.

பெங்களூர் நண்பர்கள் பிராசசரைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு நியாயம் உண்டு. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினி பிராசசர்களில் பெரிய பிரச்சினை வெடித்திருந்தது. விளையாட்டுகள் பாதியில் நின்றன, கணினிகள் விழுந்தன. வேடிக்கை என்னவென்றால், பல விளையாட்டுகளில் வந்த பிழைச் செய்தி 'கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை' என்றது. ஜனங்கள் கிராபிக்ஸ் கார்டைத் திட்டினார்கள், பிறகு மதர்போர்டு கம்பெனிகளைத் திட்டினார்கள். கடைசியில் பிராசசருக்குள் இருக்கும் மைக்ரோகோட் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி, நாளடைவில் சிப்பைத் தேய்த்துவிடுகிறது என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் திருத்தம் வந்தது, செப்டம்பரில் இன்னொன்று, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். ஏற்கெனவே தேய்ந்த சிப் தேய்ந்ததுதான்.

என் பிராசசர் அந்த வகை இல்லை. ஆனாலும் அந்தக் கதை எனக்கு ஒன்றைச் சொன்னது. கையை நீட்டுகிற பிழைச் செய்தியே தப்பான ஆளைக் காட்டலாம். எனக்கு வந்ததோ யாரையும் காட்டாத செய்தி.

*

அப்புறம் எர்த். கேபினெட்டின் விளிம்பைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்வது போலிருக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் கேபினெட்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 108 வோல்ட். பயப்படத் தேவையில்லாத, ஆனால் விட்டுவைக்கவும் கூடாத சங்கதி இது. பவர் சப்ளையின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அவற்றின் வழியே கசியும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால், வீட்டு மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி வோல்டேஜ் கேபினெட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் மண்ணில் எர்த் போடுவது ஒருமுறை செய்து மறந்துவிடும் காரியம் இல்லை. கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். சித்திரையில் கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பு எர்த் குழாயைச் சுற்றியும் விழும். குழாய் இருக்கும், மண் விலகிப் போயிருக்கும். காய்ந்த மண்ணில் மின்சாரம் லேசில் இறங்காது. பழைய குழியைத் தோண்டி, புதுக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கு அடுக்காகப் போட்டு மூடினோம். தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார் எலக்ட்ரீசியன். கேபினெட்டில் எறும்பு ஊர்வது அன்றே நின்றது.

இரண்டு நாள் கழித்து 41.

வீட்டுக் கரன்ட்டையே சந்தேகிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டோம். ஆனால் வீடு தன் பக்கம் வலுவான சாட்சிகளை வைத்திருந்தது. என் பழைய மடிக்கணினி அதே அறையில், அதே பிளக்கில் ஒரு தடவையும் நின்றதில்லை. இன்டர்நெட் பெட்டி நின்றதில்லை. விசிறி, விளக்கு, பிரிட்ஜ் எதுவும் நின்றதில்லை. கரன்ட் போனாலும் இன்வெர்ட்டர் இருக்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

வேறு வழியில்லாமல் ஒரு நோட்டு போட்டேன். நாற்பது பக்க நோட்டு, மேலே கட்டிய பேனா. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் தேதி, நேரம், அப்போது என்ன ஓடியது, வெயிலா காற்றா. கணினியால் எழுத முடியாததை அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாம் எழுதுவது. மூன்று வாரத்தில் ஒரு பக்கம் நிரம்பியது. காற்று பலமாக அடித்த மதியங்களில் கொஞ்சம் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை குறைவு என்று சொல்ல முடியாது. அதிகாலையிலும் நின்றிருக்கிறது. அதற்கு மேல் அந்த நோட்டு ஒன்றும் சொல்லவில்லை.

*

ஒரு புதன்கிழமை மதியம் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தபோது, அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"நின்னுருச்சா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் பொட்டி டிக்குனுச்சே."

"எந்தப் பொட்டி?"

"மாடிப்படிக்குக் கீழ இருக்கே, அந்தப் பொட்டி. அது டிக்குனும், நீ அய்யோம்ப. எப்பவும் அப்படித்தான எய்யா. நீ காதுல மாட்டிக்கிட்டு இருக்க, உனக்கு எங்கிட்டுக் கேக்கும்?"

"எப்பவுமேவா?"

"டிக்குன எல்லாத் தடவையும் நீ கத்த மாட்ட. ஆனா நீ கத்துன எல்லாத் தடவையும் அது டிக்குனிருக்கும். பக்கத்து வீட்டுத் தறியும் அப்ப ஒரு மூச்சு இழுக்கும்."

பதிவேடுகளோடு பதினோரு வருடம் வேலை செய்திருக்கிறேன். இவ்வளவு துல்லியமான பதிவை நான் வாசித்ததில்லை. டிக் வந்தால் கத்தல் வரும் என்பது இல்லை. கத்தல் வந்தால் டிக் வந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அம்மா பருப்புக் கடைந்தபடியே சொல்லிவிட்டாள்.

அம்மாவின் காது சும்மா வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தன் வீட்டில் தறியோடு வளர்ந்தவள், தார் சுற்றியவள். விசைத்தறியில் ஊடை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். ஊடை நூல் வருகிறதா என்று ஒரு கம்பி ஒவ்வொரு ஓட்டத்திலும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும், நூல் இல்லாவிட்டால் தறியை நிறுத்தும். நான்கு தறி ஓடுகிற கூடத்தில் ஒன்று நின்றால், நெய்கிறவர் திரும்பிப் பார்க்காமலே எது நின்றது என்று சொல்வார். நின்ற இடத்தில் போய்ப் பார்த்தால் காரணம் கண் முன்னால் தொங்கும். முடிந்துவிட்டு ஓட்டலாம். தறி, காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் எந்திரம். என் பெட்டியால் அது முடியாது.

*

மாடிப்படிக்குக் கீழே இருப்பது இன்வெர்ட்டர். 2012-ல் வாங்கியது. அந்த வருடத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே பெரும்பாலான மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரன்ட் கிடையாது. நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். லீவுக்கு வந்தால் மொட்டைமாடியில்தான் படுக்கை. அப்பா கடன் வாங்கி அந்த இன்வெர்ட்டரைப் போட்டார். பேட்டரி மட்டும் பிறகு இரண்டு தடவை மாறியிருக்கிறது.

அதன் முதுகில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. இரண்டு நிலை. ஒன்று 'யுபிஎஸ்', மற்றது 'நார்மல்'. யுபிஎஸ் நிலையில், வெளியிலிருந்து வரும் கரன்ட் 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பேட்டரிக்கு மாறிவிடும். வேகமாகவும் மாறும், 15 மில்லி நொடிக்குள். நார்மல் நிலையில் 100 வோல்ட் வரைக்கும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் மாறுவதற்கு 40 மில்லி நொடி வரை எடுத்துக்கொள்ளும். எங்கள் இன்வெர்ட்டர் பதின்மூன்று வருடமாக நார்மலில் இருந்தது. அதுதான் சரியும்கூட. அந்தக் காலத்தில் சாயங்காலம் 160 வோல்ட் வரும். யுபிஎஸ் நிலையில் வைத்திருந்தால் கரன்ட் இருக்கிற நேரத்திலும் பேட்டரிதான் கரைந்திருக்கும். விசிறிக்கும் டியூப்லைட்டுக்கும் 40 மில்லி நொடி ஒரு பொருட்டே இல்லை.

இப்போது கணினியின் பக்கம். அதன் பவர் சப்ளைக்குள் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். அதுதான் அதன் குடம். வெளியே கரன்ட் நின்றாலும் குடத்தில் இருப்பதை வைத்துக் கொஞ்ச நேரம் சமாளிக்கும். குடம் வற்றப் போகிறது என்று தெரிந்தால், 'பவர் குட்' என்ற கம்பியில் கொடுத்துக்கொண்டிருந்த சைகையை பவர் சப்ளை நிறுத்திவிடும். சைகை நின்றதுமே மதர்போர்டு எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கும். யாரிடமும் சொல்லிக்கொள்ள நேரமில்லை. அதனால்தான் 41-ல் குறியீடு 0. முழுச் சுமையில் இந்தச் சமாளிப்பு நேரம் ஏறக்குறைய 16 மில்லி நொடி இருக்கவேண்டும் என்பதுதான் நெடுங்காலமாக இருந்துவரும் தரநிலை. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு முழு அலைக்கே 20 மில்லி நொடி ஆகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 330 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 380 வோல்ட்டில் நிரம்பியிருக்கிறது, 300 வரை இறங்கலாம் என்றால் கையில் இருப்பது சுமார் 9 ஜூல். கணினி சும்மா இருக்கும்போது 90 வாட் குடிக்கிறது, அப்போது 9 ஜூல் 100 மில்லி நொடி வரும். பயிற்சி ஓடும்போது 400 வாட். அதே 9 ஜூல் 22 மில்லி நொடிதான் வரும். இன்வெர்ட்டர் மாற எடுத்துக்கொள்வது 40.

எல்லாச் சந்தேக நபர்களும் ஏன் ஒரே நேரத்தில் குற்றவாளியாகவும் நிரபராதியாகவும் தெரிந்தார்கள் என்பது இந்த மூன்று எண்களில் இருக்கிறது. சுமை ஏறும்போது மட்டும் நின்றது, ஏனென்றால் சுமைதான் குடத்தைச் சீக்கிரம் காலி செய்கிறது. மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்கப் பிழைத்தது, ஏனென்றால் அது கார்டைத் தொடுவதே இல்லை. மடிக்கணினிக்குச் சொந்த பேட்டரி. இன்டர்நெட் பெட்டி குடிப்பது துளி. மதுரைக் கடையில் இன்வெர்ட்டரின் நார்மல் ஸ்விட்ச் கிடையாது. பவர் சப்ளையை மாற்றியும் பயனில்லை, ஏனென்றால் புதியதும் ஏறக்குறைய அதே அளவு குடம்தான். வெளியே கம்பியில் கிளை உரசியோ வேறெதனாலோ ஒரு நொடி, இரண்டு நொடி கரன்ட் போய் வரும். வீட்டில் ஒன்றுமே தெரியாது. இன்வெர்ட்டர் மட்டும் டிக் என்று ஒரு முறை சொல்லும், பக்கத்து வீட்டுத் தறி ஒரு மூச்சு இழுக்கும்.

ஊகம் போதாது என்று அன்று சாயங்காலமே சோதித்தோம். அம்மா மெயின் ஸ்விட்ச் பக்கம் நின்றாள். நான் "இறக்கு" என்றதும் இறக்கினாள். கணினி சும்மா இருக்கும்போது பத்துத் தடவை, பத்திலும் பிழைத்தது. பயிற்சியை ஓடவிட்டு இன்னொரு பத்துத் தடவை, எட்டில் நின்றது. ஏழாவது தடவை நின்றபோது அம்மா சிரித்துவிட்டாள். மூன்று மாதமாக ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்த ஒன்று, கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நின்றால் சிரிப்புதான் வரும்.

*

கூப்பிட்டால் வராத கோளாறைத் திருத்த முடியாது. இந்தத் தொழிலில் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் செவ்வாய்க் கிரகத்தில் நடந்தது. 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் விண்கலம் அங்கே இறங்கியது. சில நாளில் அதன் கணினி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ள ஆரம்பித்தது. புத்தம் புதிய கணினி, போய்த் தொட்டுப் பார்க்க ஆள் இல்லை.

நடந்தது இதுதான். பொதுவான தகவல் பாதை ஒன்றுக்கு ஒரே சாவி. வானிலைத் தகவல் சேகரிக்கும் கடைநிலை வேலை அந்தச் சாவியை எடுத்து வைத்திருக்கும். மிக முக்கியமான வேலை ஒன்று, சாவிக்காகக் காத்திருக்கும். அந்த நேரம் பார்த்து நடுத்தர வேலைகள் சில புகுந்து, கடைநிலை வேலையை நகரவிடாமல் தடுத்துவிடும். சாவி திரும்பி வராது, முக்கியமான வேலை நடக்காது. 'குறித்த நேரத்துக்கு வேலை முடியவில்லை, ஏதோ கோளாறு' என்று காவல் கடிகாரம் மொத்தக் கணினியையும் மறுபடி தொடங்கிவிடும். நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகப் பொறியாளர்கள் பூமியில் இருந்த அதே மாதிரியான கணினியில் அதே வேலைகளை ஓட்டி, அந்தக் கோளாறை வரவழைத்தார்கள். வந்த பிறகு திருத்தம் சுலபம். முக்கியமானவர் காத்திருக்கும்வரை சாவி வைத்திருப்பவருக்கும் அதே முக்கியத்துவம் கிடைக்கும்படி ஒரு அமைப்பை மாற்றி, அதை அங்கே அனுப்பினார்கள்.

அந்தக் கதையில் எந்த வேலையும் தப்பாக எழுதப்படவில்லை. காவல் கடிகாரமும் தன் கடமையைத்தான் செய்தது. என் வீட்டிலும் அப்படித்தான். பவர் சப்ளை தரநிலைப்படி நல்லது. இன்வெர்ட்டர் அது வாங்கப்பட்ட காலத்துக்கு நல்லது. அப்பா வைத்த ஸ்விட்ச் நிலை நல்லது. 22-க்கும் 40-க்கும் நடுவில் இருந்த 18 மில்லி நொடி மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தபோது அது அகப்படாததற்குக் காரணம், அது எந்தப் பாகத்துக்குள்ளும் இல்லை.

*

ஸ்விட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளினேன். இரண்டு நாள் ஒரு 41-கூட இல்லை. ஆனால் சாயங்காலம் ஆறரைக்கு மேல் எங்கள் தெருவில் வோல்டேஜ் 170-க்கு இறங்கும். இன்வெர்ட்டர் டிக், டிக் என்று பேட்டரிக்கும் கரன்ட்டுக்கும் மாறி மாறிக் குதித்தது. "இதுக்கு அதுவே தேவலை" என்றாள் அம்மா.

நண்பன் ஒருவன் கேட்டான், உங்களுக்குப் பக்கத்தில் கமுதியில்தானே அவ்வளவு பெரிய சூரிய மின் நிலையம் இருக்கிறது, உங்களுக்கே 170 வோல்ட்டா என்று. 2016-ல் தொடங்கிய அந்த நிலையம் 648 மெகாவாட். ஆனால் அங்கே விளையும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பியில் ஏறி மாநிலத்துக்குப் போகிறது. தெருவின் வோல்டேஜை முடிவு செய்வது வேறு விஷயம். டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடு எவ்வளவு தள்ளி இருக்கிறது, அந்தக் கம்பியில் எத்தனை மோட்டார் தொங்குகிறது, அவ்வளவுதான். ஒரு மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். எங்கள் தெருவில் தறிகள் இருக்கின்றன. இருக்கட்டும்.

கடைசியில் ஸ்விட்சை அப்பா வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கணினிக்கு மட்டும் தனியாக ஒரு யுபிஎஸ் வாங்கினேன். ஐந்தாறு மில்லி நொடியில் மாறுவது, குறைந்த வோல்டேஜைத் தானே தூக்கிக் கொடுப்பது, பேட்டரியிலும் ஒழுங்கான சைன் அலை கொடுப்பது. இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். மலிவான யுபிஎஸ்களின் கட்டை அலையில் சில புது பவர் சப்ளைகள் முரண்டு பிடிக்கும். கிராபிக்ஸ் கார்டோடு ஒப்பிட்டால் அதன் விலை சின்னது. கணினி கட்டுவதற்கான பட்டியல்கள் எதிலும் அது இருப்பதில்லை. அந்தப் பட்டியல்களை எழுதுகிறவர்கள் கரன்ட்டைச் சுவரின் ஒரு பகுதியாகப் பார்க்கிற இடங்களில் இருந்து எழுதுகிறார்கள்.

சோதனைக் காலம் முடிந்ததும் ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். பெங்களூரில் வாங்கியதைவிடக் குறைந்த பணம். ஆறு மாதம் கழித்து என்ன என்று தெரியாது. ஆனால் இந்த ஊரில் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. முடியும். ஊருக்குத் தக்கபடி கட்டவேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஊரைத் தெரிந்தவர்களிடம் கேட்கவும் வேண்டும்.

ஜூன் மாதம் ஒரு காலை அம்மா கேட்டாள், "ராத்திரி ஒன் பொட்டி நின்னு ஓடுச்சே. மறுபடி ஆரம்பிச்சிருச்சா?"

போய்ப் பார்த்தேன். 41 இல்லை, 1074. அது வேறு வகை வரி. எந்த நிரல் மறுதொடக்கம் கேட்டது, எத்தனை மணிக்கு, எதற்காக என்று எல்லாம் எழுதியிருந்தது. விண்டோஸ் அப்டேட், திட்டமிட்டது, அதிகாலை 3.12.

"இல்லம்மா. சொல்லிட்டுத்தான் நின்னிருக்கு."

"அப்பச் சரி" என்றவள், எர்த் குழிக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள்.